ஓய்வறையில் ஒரு கதிரை

நம் பாடசாலையின் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி சங்கச் செயலாளர் மூன்று தடவை கோல் எடுத்துவிட்டார். விளையாட்டுப் போட்டியையும் ஒளி விழாவையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு ஞாபகம் வருவது ஆசிரியர் ஓய்வறைதான்.

நான் ஆறாம் ஆண்டுக்கு அட்டனிலுள்ள நம் பாடசாலைக்கு வந்தது ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையிலிருந்து. அங்கே தடுப்பில்லாத ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, இரண்டு சேர்மார். மூன்றாம் ஆண்டின் வாய்ப்பாடு எங்கள் தமிழ்ப் பாடத்துக்குள் வந்து விழும். மழை தகரத்தில் இறங்கினால் அதுவும் கேட்காது. சேர் பலகையில் எழுதிவிட்டு சும்மா நிற்பார். வெளியூர்க்காரரான அவருக்குத் தங்கக் கிடைத்தது ஒரு லயக் காம்பரா, தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை. இரண்டாம் வருடமே மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். தோட்டமே ஏசியது, நானும் ஏசினேன். இன்று லண்டனில் நானே டீச்சர். அந்தக் காம்பராவில் நான் ஒரு தவணைகூட இருந்திருக்க மாட்டேன்.

நம் அதிபர் செய்தது பெரிய காரியம் போல் அப்போது தெரியவில்லை. சாமான் அறையை ஒழித்து மேசை போட்டார், ஆளுக்கொரு கதிரை, பூட்டுள்ள அலுமாரி, ஓரத்தில் தேநீருக்கு மண்ணெண்ணெய்க் குக்கர். நேர அட்டவணையில் கணித ஆசிரியர் எல்லோருக்கும் புதன் ஐந்தாம் பாடம் ஓய்வு. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியிலிருந்து கட்டுறு பயிற்சிக்கு ஒரு மிஸ் வந்திருந்தார். கல்லூரியில் இரண்டு வருடம், மூன்றாவது வருடம் பாடசாலையில். மூத்த கணித சேர் அவர் வகுப்பில் பின் வாங்கில் உட்கார்ந்திருப்பார். சோதிக்க வந்திருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இடாப்பு கொண்டுபோன ஒரு புதன்கிழமை பார்த்தால், இருவரும் ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பின்னம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அந்த ரொட்டி எங்கள் வகுப்புக்கே வந்தது. (மிச்சத்தைத் தின்றவன் யாரென்று அவனுக்கே தெரியும்.)

அப்புறம் 2015இல் என் சித்தி மகள் ஆசிரிய உதவியாளராகப் போனாள். மாதம் 6000 ரூபாய் கொடுப்பனவு. பஸ்ஸுக்கே பாதி போய்விடும், அதைச் சொல்லி அழுதாள். ஆனாலும் போனில் அதிகம் சொன்னது வேறு: "அக்கா, எட்டுப் பாடமும் எனக்குத்தான். சந்தேகம் கேட்க ஒருத்தருமில்லை. உட்காரக் கதிரையுமில்லை."

முகப்பு வளைவுக்குக் காசு சேர்க்கிறோம் என்று இந்த வருடச் சுற்றறிக்கையில் பார்த்தேன். வளைவை ஆறுதலாகக் கட்டலாம். ஆசிரியர் விடுதிக் கூரை ஒழுகுகிறதாம். என் நூறு பவுணை அதற்கு எழுதிக்கொள்ளுங்கள்.