பெரிய நோட்டு பின்னால் இருக்கட்டும்

என் பர்ஸைத் திறந்தால் முதலில் தெரிவது சின்ன நோட்டுகள்தான். பெரிய நோட்டு நாலாக மடிந்து, ஜிப் வைத்த உள்ளறையில் கிடக்கும். "நோட்டு கசங்கிப் போகுது பாரு" என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். கசங்கட்டுமே! ஜிப்பை இழுத்து, நோட்டை எடுத்து, மடிப்பைப் பிரிப்பதற்குள் 'இது இன்றைக்கே வேண்டுமா?' என்று எனக்குத் தோன்றிவிடுகிறது. பாதி நேரம் ஜிப்பை மறுபடி மூடிவிடுவேன்.

இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவா என்ற இருவர் 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே தொகை சில்லறை நோட்டுகளாகக் கையில் இருந்தால் சுலபமாகச் செலவாகிறது, ஒற்றைப் பெரிய நோட்டாக இருந்தால் அதை உடைக்க மனசு வருவதில்லை என்று காட்டினார்கள். கையைக் கட்டுப்படுத்த நினைப்பவர்கள் வேண்டுமென்றே பெரிய நோட்டாகக் கேட்டு வாங்குவதும் உண்டாம். சில்லறை மாற்றித் தரவா என்று யாராவது கேட்டால் நான் வேண்டாம் என்பது ஏன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

கார்டு விஷயத்தில் நான் இன்னும் கறார். பர்ஸில் டெபிட் கார்டு ஒன்றுதான். கிரெடிட் கார்டு பீரோவில் தூங்குகிறது, திட்டமிட்ட பெரிய செலவுக்கு மட்டும் வெளியே வரும். அமெரிக்காவின் எம்ஐடியில் பிரெலெக், சிமஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2001இல் வெளியானது. ரொக்கமாகக் கட்டவேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை கேட்டார்கள். டிக்கெட் அதேதான். மாதாமாதம் பாக்கி வைக்காமல் முழுத்தொகையும் கட்டிவிடுகிறவர்கள் கார்டை வைத்துக்கொள்ளட்டும், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

அப்புறம் ரசீதுகள். பர்ஸ் தடிப்பதற்குப் பணம் காரணமாக இருந்து நான் பார்த்ததில்லை, எல்லாம் பில்தான். கடை பில்களில் பெரும்பாலானவை மை இல்லாமல் சூட்டில் எழுத்து தோன்றும் தாளில் வருபவை. சூடு பட்டால் அதே தாள் கறுக்கும், வெயில் பட்டாலோ நாளானாலோ எழுத்து மங்கி வெறும் வெள்ளைத்தாளாகும். அதனால் உத்தரவாதம் உள்ள பொருளின் பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுவேன். மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமை மேஜையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கிழிப்பேன். படிக்காமல் மொத்தமாகக் குப்பையில் போட்டால் பர்ஸ் மெலியும், அவ்வளவுதான். ஒரே கடையின் பில் வரிசையாக வந்து விழும்போதுதான் 'ஓ, இங்கேயா போகிறது!' என்று தெரியும்.

பர்ஸ் சின்னதாக இருப்பது நல்லது என்பது என் கட்சி. எந்த வங்கி கார்டாக இருந்தாலும் 85.6 மில்லிமீட்டர் நீளம், சுமார் 54 மில்லிமீட்டர் அகலம். உலகம் முழுக்க ஒரே அளவு. நோட்டு மடிந்துகொடுக்கும், கார்டு மடியாது. அந்த அளவுக்குக் கொஞ்சம் கூட இருக்கிற பர்ஸ் போதும். பன்னிரண்டு அறை வைத்த பர்ஸ் வாங்கினால் பன்னிரண்டையும் நிரப்பிவிடுவோம், எந்தக் கடையின் தள்ளுபடி அட்டையாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். ரகசிய எண்ணை எழுதிய சீட்டு மட்டும் எந்த அறையிலும் கூடாது, இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போது போனிலேயே கட்டிவிடுகிறோம். பர்ஸை எத்தனை ஒழுங்காக வைத்தாலும் அந்தப் பணம் அதைத் தொடாமலேயே போய்விடுகிறது. போன் செயலியில் கணக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் போய்த் தேடினால்தானே தெரியும்? நான் நோட்டுகளுக்கு நடுவில் ஒரு துண்டுத்தாள் வைத்திருக்கிறேன், கூடவே ஒரு குட்டிப் பென்சில். போனில் கட்டிய தொகையைக் கடையைவிட்டு நகர்வதற்குள் அதில் கிறுக்கிவிடுவேன். தேதி வேண்டாம், எதற்கு என்றுகூட எழுதுவதில்லை, வெறும் எண்தான். அடுத்த முறை நோட்டு எடுக்கப் பர்ஸைத் திறந்தால் அந்த எண்கள் வரிசையாக நிற்கும். என் மகளுக்கு இது பெரிய வேடிக்கை. "அம்மா, போனில் எழுதேன்" என்கிறாள். போனில் எழுதப் போனால் வேறு எதையாவது பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன் என்று அவளுக்கே தெரியும். தாள் நிரம்பினால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை, அன்றைக்கே கூட்டிப் பார்த்துவிட்டுப் புதுத்தாள் வைக்கிறேன்.