பழைய டிராமில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

பாரம்பரிய டிராம்களைப் புதுப்பிப்பது பற்றிப் பேச்சு எடுத்தாலே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு ஆணியைக்கூட மாற்றக்கூடாது என்பது ஒரு கட்சி. வெளித்தோற்றம் பழசாக இருந்தால் போதும், உள்ளே என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. வேலைக்குப் போகிறவர்களையும் கடைக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு தினமும் தெருவில் ஓடுவதுதான் டிராமின் குணம். அந்த ஓட்டம் நிற்காமல் இருக்க எது தேவையோ அதை மாற்றலாம், அதற்கு மேல் கை வைக்க வேண்டியதில்லை.

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனின் 28ஆம் எண் டிராம் தடத்தைப் பாருங்கள். அங்கே ஓடும் சின்ன மஞ்சள் வண்டிகளின் உடல் பழையது, ஆனால் 1990களின் நடுவில் சுமார் 45 வண்டிகளுக்குச் சக்கரச் சட்டம், மோட்டார், பிரேக் எல்லாவற்றையும் புதிதாகப் பொருத்திவிட்டார்கள். பாசத்தால் மட்டும் செய்த வேலை இல்லை இது. 13 சதவீதத்தைத் தாண்டும் ஏற்றம், 900 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம், வீட்டுச் சுவரை உரசுவதுபோல் வளையும் சந்துகள், இவற்றில் நீளமான நவீன டிராம் திரும்பவே முடியாது, அதனால் அந்தக் குட்டி வண்டியை வைத்துக்கொண்டு அதன் காலை மட்டும் பலப்படுத்தினார்கள். இன்றும் அதே மேட்டில் அதே வண்டி ஏறுகிறது. இதைப் போலி என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

பிரேக் விஷயத்தில் எனக்குத் தயக்கமே கிடையாது. இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இவ்வளவு காரும் பைக்கும் தெருவில் இல்லை, திடீரென்று குறுக்கே வரும் வாகனத்துக்காக நிற்க வேண்டிய தேவை இன்று பல மடங்கு அதிகம். அதனால் தண்டவாளத்தையே பிடித்துக்கொள்ளும் காந்த பிரேக் இல்லாத வண்டி என்றால் அதைச் சேர்க்க வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். மின்கம்பிகளும் அப்படியே: பழைய ரப்பர் உறை காய்ந்து வெடித்திருக்கும், பக்கத்திலேயே மரம், மேலே 600 வோல்ட். சில வண்டிகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நாரும் (அஸ்பெஸ்டாஸ்) இருக்கும். இதையெல்லாம் வரலாறு என்று விட்டுவைப்பது ஓட்டுநருக்கும் பயணிக்கும் செய்யும் துரோகம். மெல்போர்னில் 1923இல் தொடங்கிய டபிள்யூ வகை வண்டிகள் சிலவற்றை இப்படித்தான் மேம்படுத்தி டபிள்யூ8 என்று ஓடவிட்டிருக்கிறார்கள்.

சரி, மோட்டாரும் கன்ட்ரோலரும்? இங்கேதான் எனக்கு மனசு கனக்கிறது. பழைய கன்ட்ரோலரில் ஓட்டுநர் கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்பத் திருப்ப மின்சாரத்தைத் தடுத்துக் குறைக்கும் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்றாக விலகி மோட்டாருக்கு மின்சாரம் கூடும், கிளம்பும்போது நல்ல பங்கு மின்சாரம் வெறும் சூடாகப் போய்விடும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் போட்டால் அந்த விரயம் இல்லை, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் முடியும். கணக்குப்படி பார்த்தால் வாதமே இல்லை. ஆனால் அந்தக் கியர் உறுமல், வேகம் ஏற ஏற சுருதி உயர்ந்துகொண்டே போகும் அந்தச் சத்தம், கைப்பிடி ஒவ்வொரு படியிலும் 'டக்' என்று விழுவது, இதெல்லாம் போனால் கண்ணை மூடிக்கொண்டு உட்காரும் பயணிக்கு அது வேறு வண்டி. நூறு வண்டி இருக்கும் ஊரில் பெரும்பாலானவற்றுக்கு இன்வெர்ட்டர் போடுங்கள், ஒரு சிலவற்றையாவது பழைய கன்ட்ரோலரோடு நல்ல நிலையில் வைத்திருங்கள் என்பேன்.

நியூ ஆர்லியன்ஸில் கிட்டத்தட்ட இதுதான் நடந்திருக்கிறது. செயின்ட் சார்ல்ஸ் தடத்தில் 1920களின் பச்சை வண்டிகள். 2004இல் மீண்டும் திறந்த கேனல் வீதித் தடத்துக்கு, அதே சாயலில் தங்கள் சொந்தப் பட்டறையிலேயே சிவப்பு வண்டிகளைக் கட்டினார்கள், ஏசியும் சக்கர நாற்காலி லிஃப்டும் வைத்து. அடுத்த வருடம் கத்ரீனா புயல் வெள்ளத்தில் மூழ்கியது புது சிவப்பு வண்டிகள்தான், மேட்டில் நின்றிருந்த பச்சை வண்டிகள் தப்பின. அப்புறம் கொஞ்ச காலம் கேனல் வீதியில் ஓடியது அந்தப் பழசுதான்! இரண்டு வகையும் இருந்ததால்தான் அந்த ஊருக்கு வழி இருந்தது.

சக்கர நாற்காலி என்றதும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் ஏற முடியாத வண்டியைப் பொதுப் போக்குவரத்து என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. அதற்காக 1928 வண்டியின் படிக்கட்டை அறுக்கவும் வேண்டாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் எஃப் தடத்தில் நிறுத்தங்களில் சாய்தளத்தோடு சிறிய உயர மேடை கட்டி, அங்கிருந்து வண்டிக்குள் பலகை போட்டு ஏற்றுகிறார்கள். வண்டியைத் தொடாமல் நிறுத்தத்தை மாற்றியது எனக்கு ரொம்பப் பிடித்த தீர்வு.

விளக்கு பற்றி ஒரே வரி: எல்இடி போடுங்கள், ஆனால் ஆஸ்பத்திரி வெள்ளை வேண்டாம், மஞ்சள் ஒளி தருவது போடுங்கள்.

அப்புறம், கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எந்த வண்டியில் எந்த இடத்தில் இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள், புதிதாகப் போடுவதையும் பழைய துளைகளிலேயே பொருத்துங்கள். அந்தக் கன்ட்ரோலரைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பட்டறைக்காரர்கள் ஓய்வு பெறுவதற்குள் அவர்கள் பக்கத்தில் இரண்டு இளைஞர்களை வேலைக்கு வையுங்கள். புதுப்பிக்கும் செலவுக் கணக்கில் இந்தச் சம்பளம் முதல் வரியாக இருக்க வேண்டும்.