எந்த இம்பாக்ட் கன் வாங்குறது: கார் ஷெட் நாட்குறிப்பு

மார்ச் 4

முன் பக்கம் ஒரே ஒரு வீல கழட்டவே முக்கால் மணி நேரம் போச்சு. அஞ்சு நட்டுல மூணு வந்துருச்சு, மீதி ரெண்டு அசையவே இல்ல, துரு எண்ணெய் அடிச்சு ஊற வச்சு அப்புறம் ஸ்பேனர் கைப்பிடில பைப்ப சொருகி அதுமேல ஏறி நின்னப்புறம்தான் டக்குனு விட்டுச்சு. ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன், என் எடை 70 கிலோ, பைப்போட சேத்து அரை மீட்டர் நீளம், அப்படின்னா டார்க், அதாவது திருகுற விசை, கிட்டத்தட்ட 340 நியூட்டன் மீட்டர். கார் புக்குல இந்த நட்டுக்கு போட்டிருக்கறது 110 தான். போன தடவ டயர் மாத்தின எடத்துல இம்பாக்ட் கன்ன, அதான் நட்ட அடிச்சு அடிச்சு திருகுற மெஷின, வச்சு கண்ணமூடி இறுக்கியிருக்காங்க, அதுமேல துருவும் ஏறிருச்சு. இடுப்பு இன்னும் வலிக்குது. சார்ஜ் போடுற அந்த மாதிரி கன், அதாவது இம்பாக்ட் ரெஞ்ச், ஒண்ணு வாங்கிட வேண்டியதுதான்.

மார்ச் 6

ரெண்டு நாளா ஸ்பெக்ஸ்தான் படிக்கிறேன். 300, 700, 1500னு நம்பர் ஓடுது, அதுலயும் சிலது நியூட்டன் மீட்டர், சிலது ஃபுட் பவுண்ட், 1.356 ஆல பெருக்கினாத்தான் ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்க முடியும். இன்னொண்ணு கவனிச்சேன், நிறைய மெஷினுக்கு ரெண்டு டார்க் இருக்கு, இறுக்குறதுக்கு ஒண்ணு, கழட்டுறதுக்கு ஒண்ணு, அட்டைப்பெட்டில பெருசா இருக்கறது பெரும்பாலும் கழட்டுற நம்பர். அதனால ரெண்டு மாடல ஒப்பிடும்போது ஒரே வகை நம்பரத்தான் ஒப்பிடணும்.

இது வேலை செய்ற விதம் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. மோட்டார் நேரா நட்ட திருகல, உள்ள ஒரு சுத்தியல் மாதிரி கட்டை சுத்தி வந்து வந்து சாக்கெட் (நட்டு மேல மாட்டுற குழல்) மாட்டுற தண்ட அடிக்குது, நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் அடி. நட்டுக்கு அவ்ளோ அடி விழுந்தும் நம்ம மணிக்கட்டு முறுக்காம இருக்கறதுக்கு காரணம் இதுதான். துரு பிடிச்ச மரை, நிதானமா அழுத்துறத விட இந்த அடிக்கு சீக்கிரம் விட்டுக்கொடுக்கும்.

மார்ச் 9

வீட்ல இருக்கற, ஸ்க்ரூ முடுக்குற இம்பாக்ட் டிரைவர் போதாதான்னு பாத்துடலாம்னு கால் இஞ்ச் அறுகோண பிட்டுல அரை இஞ்ச் அடாப்டர் மாட்டி வீல் நட்டுல வச்சேன். சத்தம்தான் வந்துச்சு. அந்த ஒல்லி தண்டு ஸ்பிரிங் மாதிரி முறுக்கி அடிய பாதி தின்னுடுது. ஸ்க்ரூவுக்கு அது அருமையான சாமான், வீலுக்கு இல்ல.

மார்ச் 12

இன்னைக்குத்தான் விஷயம் தெளிவாச்சு. நண்பன்கிட்ட ரெண்டு மெஷின் இருக்கு, ரெண்டையும் கொண்டு வந்தான். பெருசு பேட்டரியோட மூணு கிலோவுக்கு மேல, வீல் நட்ட ஒரு செகண்ட்ல கழட்டிருச்சு, வீல் நடுவுல இருக்கற பெரிய ஆக்சில் நட்டு கூட வந்துருச்சு, எனக்கு சந்தோஷம் தாங்கல. அடுத்து பிரேக் காலிபர் பிராக்கெட் போல்ட்டு, டிஸ்க்குக்கு பின்னாடி இருக்கும்ல, அங்க மெஷின் தலையே நுழையல. நீளமா எக்ஸ்டென்ஷன் தண்டு போட்டா நுழையுது, ஆனா வளைஞ்சு முறுக்கி பாதி அடி வழியிலேயே போயிருது. சின்னது, சாக்கெட் மாட்டுற தண்டு 3/8 இஞ்ச், 12 வோல்ட், எல்லா சந்துலயும் அழகா போச்சு, ஆனா மறுபக்க ஆக்சில் நட்டு கிட்ட தோத்துருச்சு.

"உன் கார்ல ரொம்ப டைட்டான நட்டு எது, ரொம்ப இடுக்குல இருக்கற போல்ட்டு எது, அந்த ரெண்ட மட்டும் பாத்து வாங்குடா"ன்னான். பெரிய நம்பர் பாத்து ஆசப்பட்டுட்டு இருந்த எனக்கு அது சரியான வார்த்தை. அரை இஞ்ச், நடுத்தர டார்க், தலை நீளம் கம்மியா இருக்கணும், முடிவு பண்ணிட்டேன்.

மார்ச் 15

பேட்டரி. 18 வோல்ட்டுக்கும் 20 வோல்ட்டுக்கும் ரொம்ப நேரம் குழம்பினேன், கடைசில பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், உள்ள அஞ்சு செல் வரிசையா இருக்கு, ஃபுல் சார்ஜ்ல 20 சொச்சம், சராசரியா 18. என் டிரில்லோட பேட்டரியே பொருந்துற மாதிரி பாடிய மட்டும் வாங்கறேன். ஆனா டிரில்லோட வந்தது 2 ஆம்பியர் ஹவர் (பேட்டரி கொள்ளளவு), ஒரே வரிசை செல்லு, கன் இழுக்கற கரண்ட்டுக்கு வோல்டேஜ் சட்டுனு படுத்துடும், வலுவும் அதோட குறையும். 5 ஆம்பியர் ஹவர் ஒண்ணு தனியா வாங்கியே ஆகணும், அதுல ரெண்டு வரிசை இருக்கறதால சுமை பிரிஞ்சிடும்.

மார்ச் 18

வந்துருச்சு. பிரஷ்லெஸ் மோட்டார் (உள்ள தேயுற கார்பன் பிரஷ் இல்லாதது), சாக்கெட் பிடிக்கறதுக்கு வளையம் வச்ச மாடல், சாக்கெட்ட கழட்ட குச்சி வச்சு லாக் பின்ன அமுக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. கூடவே கருப்பு இம்பாக்ட் சாக்கெட் செட், ஆறு முனை. பளபளன்னு இருக்கற குரோம் சாக்கெட்ட இதுல மாட்டாதீங்க, அது கை ஸ்பேனருக்கு செஞ்சது, கெட்டியா இருக்கும் ஆனா அடி வாங்கினா வெடிச்சு தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் இல்லாம நான் டிரிக்கர தொடல.

மார்ச் 19

நாலு வீலும் கழட்டி மாட்டினேன். கழட்ட கன், மாட்ட பெரும்பாலும் கை. ஒவ்வொரு நட்டையும் விரலால நாலஞ்சு சுத்து ஏத்தி, மரை சரியா பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சப்புறம் கன்ன மெல்லிசான ஸ்பீடுல வச்சு உக்கார வச்சேன், ஜாக்கிய இறக்கிட்டு டார்க் ரெஞ்ச்ல (வச்ச அளவு வந்ததும் கிளிக்னு சொல்ற ஸ்பேனர்) 110 வச்சு குறுக்கு குறுக்கா முடிச்சேன். எனக்கு முன்னாடி யாரோ கண்ணமூடி இறுக்கினதுனாலதான இவ்ளோ கதையும், அந்த தப்ப நான் அடுத்தவனுக்கு விட்டு வைக்க மாட்டேன். ஆயில் டிரெயின் போல்ட்டு, ஸ்பார்க் பிளக்கு பக்கம் இந்த கன்ன கொண்டு போகவே போறதில்ல, அலுமினிய மரை போச்சுன்னா போச்சு.

மார்ச் 22

80 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து இருவது நட்டையும் மறுபடி ரெஞ்ச் வச்சு பாத்தேன். பின் இடது வீல்ல ஒண்ணு மட்டும் கால் சுத்துக்கும் கம்மியா நகர்ந்துச்சு, மத்தது எல்லாம் உடனே கிளிக். அடுத்த ஞாயிறு, நண்பனோட சின்ன மெஷின் தோத்த அந்த ஆக்சில் நட்டு.