லூபஸ் கோப்பில் இதயத்துக்கு ஒரு பக்கம்

உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் எனக்கு இருப்பது உறுதியாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலத்தில் மூட்டுவலி, தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பற்றி என் மருத்துவக் கோப்பில் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் சேர்ந்துவிட்டன; ஆனால் இதய ஆபத்தைக் காட்டும் இடுப்புச் சுற்றளவை ஒருவரும் அளந்ததில்லை. நானும் கேட்டதில்லை. முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

லூபஸ் நோயாளிகளின் மரணங்கள் இரண்டு கட்டங்களாக நிகழ்வதை டொரொண்டோவில் முர்ரே யுரோவிட்ஸ் குழுவினர் 1976-லேயே எழுதியிருக்கிறார்கள். முதல் கட்டத்தில் நோயின் தீவிரமும் தொற்றும் உயிரைப் பறித்தன. பல ஆண்டுகள் கழித்து, நோய் ஓரளவு அடங்கிய பின் வந்த இரண்டாம் கட்டத்தில் மாரடைப்பு முன்னுக்கு வந்தது. 1997-இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் ஆய்வின்படி, 35 முதல் 44 வயதுக்குட்பட்ட லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுடைய பிற பெண்களைவிட 50 மடங்குக்கும் அதிகம். அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது என்பதால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை நினைவில் வைத்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் அதை ஒதுக்கிவிட முடியாது.

காரணம் ஒன்றல்ல. ஓயாத அழற்சி இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காமல் போகிறது. இரத்தத்திலுள்ள ஒருவகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு ஏறி, நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைகிறது. எனக்கு வியப்பளித்தது, எஞ்சியிருக்கும் எச்.டி.எல்.கூடச் சிலருக்குத் தன் வேலையைச் செய்யாமல் அழற்சிக்குத் துணைபோகிறது என்பதே. சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. நம்மைக் காப்பாற்றும் ஸ்டீராய்டு மருந்தான பிரட்னிசோலோனோ, அளவு கூடக்கூட, சர்க்கரையையும் எடையையும் இரத்த அழுத்தத்தையும் தானும் உயர்த்துகிறது. தொடர்ந்து எடுக்க வேண்டியிருந்தால் அதை நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டு, முடிந்தபோது நிறுத்திவிட வேண்டும் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் 2023-இல் பரிந்துரைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; அது இதைவிடப் பெரிய ஆபத்து.

லூபஸுக்காகத் தொடர்ந்து எடுக்கும், பலர் சலித்துக்கொள்ளும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை இந்த விஷயத்தில் நம் பக்கம் நிற்கிறது. கொழுப்பு, சர்க்கரை, இரத்தம் உறைதல் ஆகிய மூன்றிலும் அது நன்மை தருவதாகத் தெரிகிறது. அது விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால், கண் பரிசோதனையைத் தவறவிடாமல் அதைத் தொடர்வதே நல்லது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகளின் கதை வேறு: லூபஸ் உள்ள எல்லோருக்கும் கொடுத்தால் தமனிகளில் கொழுப்புப் படிவது தடைபடும் என்ற எதிர்பார்ப்பு, 2011-இல் வெளியான, அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாடினின் சோதனையில் பொய்த்துப்போனது. ஆகவே அது கொழுப்பளவு, சிறுநீரக நிலை முதலியவற்றைப் பார்த்து ஆளுக்கு ஆள் முடிவு செய்ய வேண்டிய மருந்து.

வழக்கமான இதய ஆபத்துக் கணிப்பான்கள் பலவும் லூபஸைக் கணக்கில் எடுப்பதில்லை. வயது குறைவு என்பதாலேயே அவை நமக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிடுகின்றன. பிரிட்டனின் கியூரிஸ்க்3 கணிப்பான் லூபஸையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக்கொள்கிறது.

சென்ற ஆண்டு நெஞ்சு வலித்தபோது, முன்பு வந்த நுரையீரல் உறை அழற்சிதான் திரும்பிவிட்டது என்று நானே தீர்மானித்து இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டேன். ஈசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது என் நல்ல காலம். லூபஸ் பெண்ணின் நெஞ்சுவலியையும் மூச்சுத்திணறலையும் அசதியையும் லூபஸின் தலையிலேயே போட்டுவிடுவது மருத்துவர்களுக்கும் எளிது, நமக்கும் எளிது.

அதன் பிறகே அளவு நாடாவை எடுத்தேன். இடுப்பு 91 செ.மீ., ட்ரைகிளிசரைடு 178, இரத்த அழுத்தம் 134/86. பெண்களுக்கான வரம்புகள் முறையே 80 முதல் 88 (இனத்துக்கு ஏற்ப மாறும்), 150, 130/85. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்.டி.எல்.லும் வரம்புக்குள் இருந்தன. ஆனால் இந்த ஐந்தில் மூன்று மீறினாலே வளர்சிதை மாற்றக் கோளாறு (மெட்டபாலிக் சிண்ட்ரோம்) என்பது கணக்கு. மூன்று எண்களையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே அடுத்த சந்திப்புக்கான கேள்வியையும் குறித்து வைத்திருக்கிறேன்: பிரட்னிசோலோனை 7.5 மில்லிகிராமிலிருந்து 5-க்கு எப்போது இறக்கலாம்?