காலி மனைப் புல்

அக்டோபர் 13
அப்பாவின் டெஸ்ட் ரிசல்ட் இன்றும் வரவில்லை.

அக்டோபர் 14
காலை 6.10. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் இருக்கிற காலி மனை. ராத்திரி மழை பெய்ததில் மயில்கொண்டைப் புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. தண்டு உச்சியில் விரல் விரித்த மாதிரி ஊதாக் கதிர்கள். ஈரத்திலேயே குத்தவைத்து, கதிருக்கு நேர் பின்னால் சூரியன் வருகிற மாதிரி போனைப் பிடித்தேன். சுணை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பற்றிக்கொண்டது. போனில் மாட்டிய கிளிப் லென்ஸில் ஃபோகஸ் நிற்கிற ஆழம் ஒரு நெல்மணி அளவுகூட இல்லை. மூச்சு விட்டாலே கதிர் ஆடுகிறது. 64 படத்தில் மூன்று தேறியது.

அக்டோபர் 15
நாளைக்காம்.

அக்டோபர் 16
இலையில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று. படத்தைத் திருத்துகிற ஸ்நாப்சீட் ஆப்பில் ஹீலிங்கைத் தொட்டு ஒரு தேய். போய்விட்டது. போனதும் புல் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டது. திரும்பக் கொண்டுவந்தேன். மறுபடி அழித்தேன். சாயங்காலம் முழுக்க இதே வேலை. பெர்லினில் வாத்தியாராக இருந்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட் வழியோரச் செடிகளைப் பறித்து வந்து, பின்னால் அட்டை வைத்துப் பெரிதாக்கிப் படம் எடுத்தார். 1928இல் அவை புத்தகமாக வந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவரும் வேண்டாத இலையைக் கிள்ளிவிட்டுத்தான் எடுத்தார். எனக்கு மனசு வரவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் வெயில் வருகிறது.

அக்டோபர் 17
கோரையை எடுத்து, கர்வ்ஸில் கோட்டைத் தலைகீழாக்கி, வெளிச்சத்தை இருட்டாக்கி, நீலமாக மாற்றி அப்பாவிடம் காட்டினேன். அடையாளம் தெரியாது என்று நினைத்தேன்.

“கோரை.”

எப்படிப்பா?

“அதைப் பிடுங்கியே பாதி ஆயுசு போச்சு. தெரியாதா? தண்டை உருட்டிப் பாத்தியாம்மா? மூணு பட்டையா இருக்கும். புல்லுத்தண்டு உருண்டையா இருக்கும். மேல பிடுங்கினா போவாது, கிழங்கு அடியில கிடக்கும்.”

இரண்டு நாளில் அவர் இவ்வளவு பேசியது இதுதான்.

அக்டோபர் 18
ராத்திரி 2 மணி. ஜன்னல் வெளிச்சத்தில் எக்ஸ்ரேயைப் பிடித்துப் படம் எடுத்தேன். அதன்மேல் மயில்கொண்டையை வைத்து டபுள் எக்ஸ்போஷர், லைட்டன். இரண்டில் எது வெளிச்சமோ அது மட்டும் நிற்கும். நெஞ்சுக்கூட்டுக்குள் கதிர் கிளைவிட்டு நின்றது. இதுவரை நான் செய்ததில் இதுதான் அழகு. அழித்துவிட்டேன். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தேன்.

அக்டோபர் 20
தீபாவளி. வெடிப்புகையில் வெயில் மழுங்கி, நிழலே இல்லாமல் மூக்குத்திப்பூ. அப்பா அரை ஸ்பூன் லேகியம் சாப்பிட்டார்.

அக்டோபர் 21
அழித்திருக்கக் கூடாதோ.

அக்டோபர் 22
மனையில் கயிறு கட்டி அளக்கிறார்கள். எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டேன். மழை விட்டதும் ஜேசிபி வருமாம். மழை விடக் கூடாது. வெயில் இல்லாமல் படமும் வராது. இரண்டையும் சேர்த்து வேண்டிக்கொண்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். துப்பட்டா முழுக்க நாயுருவி விதை. ஒவ்வொன்றாகப் பிய்த்து டிஃபன் பாக்ஸ் மூடியில் போட்டேன், 31.

அக்டோபர் 23
இன்று எடிட் எதுவும் செய்யவில்லை. ஒரு கோரையை வேரோடு பிடுங்கிக் கொண்டுபோனேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டே தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார். விரலை மட்டும் எடுத்தேன். நகக்கண்ணில் ஈர மண். “கிழங்கு வரலையே, அறுந்துபோச்சு” என்றார்.

9 மணிக்கு உள்ளே கூப்பிடுகிறார்கள். படத்தை அப்புறம் போடுகிறேன்.