ஒக்கி நாளை அழித்த நிரல்

சனிக்கிழமை பிற்பகல்களில், நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள எங்கள் கல்லூரியில், கணினித் துறை அல்லாத மாணவர்களுக்குப் பைத்தான் என்னும் நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விலங்கியல், பொருளியல், வரலாறு, தமிழ் என்று பல துறைகளிலிருந்தும் வருகிறார்கள். மடிக்கணினி இல்லாதவர்கள் கைபேசியிலேயே, இணையத்தில் நிரலை எழுதி ஓட்ட உதவும் கூகுள் கோலாபைத் திறந்து வைத்துக்கொண்டு நிரல் எழுதுகிறார்கள். நான் கற்பிக்கப் போனேன் என்பது உண்மைதான். ஆனால் தரவைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதியை அந்த அறையில்தான் கற்றேன்.

முதல் ஆண்டில் ஒரு நாள், மாவட்டத்தின் தினசரி மழையளவுக் கோப்பைக் கொடுத்து, பிழையான எண்களைக் கண்டுபிடித்து நீக்கச் சொன்னேன். கணிதத் துறை மாணவன் ஒருவன் ஐந்தே நிமிடத்தில் முடித்தான். எண்களை வரிசைப்படுத்தி, நடுப்பாதியின் இரு முனைகளிலிருந்தும் அதன் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு அப்பால் விழும் எண்களை விலகல் என்று அடையாளமிடும், புள்ளியியலாளர் ஜான் டூக்கியின் விதியைப் போட்டு, அகப்பட்டவற்றையெல்லாம் அழித்திருந்தான். அழிந்த நாள்களின் பட்டியல் திரையில் ஓடியபோது, பின்வரிசையில் இருந்த தூத்தூர்ப் பக்கத்து விலங்கியல் மாணவி எழுந்து, "சார், 2017 நவம்பர் 30-ஐ எப்படி அழிக்கலாம்? அது ஒக்கி" என்றாள். வாழைத்தோப்புகள் சரிந்து, ரப்பர் மரங்கள் முறிந்து, ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பாமலே போன அந்தப் புயல் நாள், எங்கள் கோப்பில் பிழை என்று முத்திரை குத்தப்பட்டிருந்தது.

தவறு மாணவனுடையதன்று, என்னுடையது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் பூஜ்யமே நிற்கும் மழைத் தரவில் அந்த விதியைப் போட்டால், ஓரளவு நல்ல மழை பெய்த ஒவ்வொரு நாளும் விலகலாகத்தான் தெரியும். மேலும், அது சந்தேகத்துக்குரிய எண்ணைக் கண்முன் எடுத்துவைக்கும் வழியே தவிர, அதைத் தூக்கியெறியும் உத்தரவு அன்று. பாடப்புத்தகத்தில் இதைப் படித்திருந்தும், ஊரறிந்த ஒரு நாள் பட்டியலில் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அதே மழைக்கோப்பில் இன்னொரு கோளாறும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் என் தந்தை. வீட்டில் நான் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தபோது எட்டிப் பார்த்தவர், "மக்களே, கும்பப்பூ அறுப்பு சமயத்துலயா இவ்வளவு மழை? களத்துல நெல்லு முளைச்சிருக்குமே" என்றார். கும்பப்பூ என்பது மாசியையொட்டி அறுவடையாகும் நெற்போகம். கோப்பில் தேதிகள் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருந்தன. நான் பயன்படுத்திய, பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பின் பதிப்போ, முடிந்த இடத்திலெல்லாம் மாதத்தையே முதலில் வைத்துப் படித்துக்கொண்டது. ஜூன் 1, 2, 3 ஆகிய நாள்களின் மழை ஜனவரி 6, பிப்ரவரி 6, மார்ச் 6 என்று இடம்பெயர்ந்திருந்தது. 13-ஆம் தேதி முதலான நாள்களை அப்படித் திருப்பிப் படிக்க வழியில்லாததால் அவை தப்பித்தன. அதனால்தான் எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. நாளை முதலில் படிக்கச் சொல்லும் ஒரே ஒரு குறிப்பைச் சேர்த்ததும் சரியாயிற்று. தென்மேற்குப் பருவமழை ஜூனிலும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலும் தொடங்கும் இந்த மாவட்டத்தில், மாசி மாதத்துப் பெருமழை என்பது என் கண்ணில் முதலிலேயே உறுத்தியிருக்க வேண்டும்.

துறை அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மீன்பிடித் தடைக்காலத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. இழுவைமடி விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் தடை. இரண்டும் 61 நாள்கள். தமிழ்நாட்டில் இந்த இரண்டு தடைகளும் நடைமுறையில் உள்ள மாவட்டம் எங்களுடையதுதான்: சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும், முட்டமும் குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கணக்கில் வரும். இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே எடுத்து, மாவட்டம் முழுவதற்கும் ஏப்ரல் தடையையே பொருத்திய ஒரு குழு, தடை முடிந்த பிறகும் மீன்வரத்து கூடவில்லை என்று முடிவு எழுதியிருந்தது. குளச்சலைச் சேர்ந்த பொருளியல் மாணவி அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். ஜூன் 14-க்குப் பிறகும் அவர்கள் ஊர் விசைப்படகுகள் கரையில்தானே கட்டிக் கிடக்கும்! அட்டவணையில் துறைமுகம் என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்துக் கணக்கைத் திரும்பப் போட்டார்கள்.

வரலாற்று மாணவன் ஒருவன், திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களிலுள்ள கொல்லம் ஆண்டை, அதாவது மலையாள ஆண்டைக் கிறித்தவ ஆண்டாக மாற்றப் பத்து வரி நிரல் எழுதினான். கொல்லம் ஆண்டு சிங்ஙத்தில், அதாவது நம் ஆவணியில் பிறப்பதால், அதிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் 825-ஐயும் கூட்ட வேண்டும்.

தமிழ்த்துறை மாணவி கண்டதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர்ப்பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தவள், நாகர்கோவில் என்ற பெயர் பட்டியலில் இரண்டு முறை வருவதாகவும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதாகவும் சொன்னாள். நமக்கு அது ஆறெழுத்துச் சொல். பைத்தான் அதன் நீளத்தை ஒன்றில் 11 என்றும் மற்றதில் 12 என்றும் காட்டியது. கணினி எழுத்துகளைக் குறிக்கும் ஒருங்குறி (யூனிகோடு) முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ஆறு பதினொன்றாகிறது. 'கோ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம் என்பதால் இன்னும் ஒன்று கூடுகிறது. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரப் பைத்தானிலேயே ஒரு செயற்கூறு உண்டு. அதைக் காட்டியபோது, "உயிர்மெய்யைப் பிரித்தெழுதும் பயிற்சி இதற்கும் வேண்டுமா ஐயா?" என்று கேட்டாள்.

இப்போது குலசேகரம் பக்கத்து மாணவன் ஒருவன், தன் தந்தை பல ஆண்டுகளாக ரப்பர் பால்வெட்டுக் கணக்கு எழுதிவரும் டைரிகளைக் கோப்பாக்கிக்கொண்டிருக்கிறான். முதல் வாரம் வெற்றுக் கட்டங்களிலெல்லாம் பூஜ்யத்தை நிரப்பிக்கொண்டு வந்தான். தந்தையிடம் கேட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினேன். சில நாள்கள் மழையால் வெட்டாதவை. சில, ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டும் முறையில் மரத்துக்கு ஓய்வு. சில, இலையுதிர் காலத்தில் வெட்டையே நிறுத்தியவை. ஒரு சில நாள்கள் மட்டும், வெட்டிய பிறகு மழை வந்து சிரட்டையிலிருந்த பாலைக் கழுவிக்கொண்டு போனவை. அவை மட்டுமே உண்மையான பூஜ்யங்கள். காரணம் என்று புதிதாக ஒரு நெடுவரிசை போட்டு ஒவ்வொன்றாக நிரப்பி வந்தான். அவன் தந்தைக்கே நினைவில்லாத கட்டங்கள் சில மிஞ்சின. அவற்றை வெற்றாகவே விட்டிருக்கிறோம்.