மடிப்பு எந்தக் கை?

மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த படிகமான மாலிப்டினம் டைசல்பைடின் ஒற்றை அடுக்கு சுமார் 0.65 நானோமீட்டர் தடிமன்தான். டேப்பால் உரித்துக் கண்ணாடியில் இறக்கும்போது ஓரங்கள் தானாக மடிந்துகொள்ளும். எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் அதை 'வேஸ்ட்' என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

வெற்றிலையைச் சாய்வாக மடித்துப் பாருங்கள்: மேல்பாதியின் நடுநரம்பு கீழ்ப்பாதியினுடையதைக் குறுக்கே வெட்டும், வெட்டும் கோணம், மடிப்பின் சாய்வைப்போல இருமடங்கு. படிகத்திலும் அதே கணக்கு. அதன் அணு வரிசைகளுக்கு ஆர்ம்சேர், ஜிக்ஜாக் என்று இரண்டு முக்கியத் திசைகள் உண்டு. மடிப்பு ஆர்ம்சேர் திசையில் விழுந்தால், 800 நானோமீட்டர் லேசருக்கு 400இல் கிளம்பும் இரண்டாம் ஹார்மோனிக் ஒளி (பாதி அலைநீள ஒளி), கணக்குப்படி ஒற்றை அடுக்கைவிட நாலு மடங்கு. ஜிக்ஜாக் திசையில் விழுந்தால் அது அநேகமாக அணைந்தே போகும். இந்த இரண்டிலும் கைராலிட்டி, அதாவது கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத வலம்-இடத் தன்மை, இல்லை. நடுவிலுள்ள கோணங்களில்தான் மடிப்புக்கு வலக்கை, இடக்கை என்று வருகிறது. வலச்சுழல், இடச்சுழல் ஒளியை அது வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வித்தியாசம்தான் சி.டி., அதாவது சர்குலர் டைக்ரோயிசம். முறுக்கிய இரட்டை அடுக்கு கிராஃபீனில் (கிராஃபீன் என்பது ஓரணுத் தடிமன் கார்பன் தாள்) இதைக் கார்னெல் குழு 2016இல் காட்டியது.

சிக்கல், சி.டி. மாதிரியே வேஷம் போடும் பொய் சிக்னல்கள். மடிப்பு விளிம்பில் இழுவிசை இருக்கும், லென்ஸுக்குள்ளும் கொஞ்சம் இருக்கும். அதனால் வரும் நேர்கோட்டு டைக்ரோயிசமும் (ஒளியின் அதிர்வுத் திசையைப் பொறுத்து உறிஞ்சல் மாறுவது) இரட்டை ஒளிவிலகலும் (அதே திசையைப் பொறுத்து ஒளியின் வேகம் மாறுவது) கைகோத்தால் கிராஃபில் அழகான சிகரம் எழும். அழகாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில்.

அதற்கு மருந்து, சாம்பிளைத் திருப்பிப் போடுவது. வலக்கைத் திருகு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வலக்கைதான்; உண்மையான சி.டி. குறி மாறாது. அந்தக் கூட்டணியின் பொய் சிக்னல் குறி மாறிவிடும். திருப்ப வேண்டுமென்றால் அடித்தளம் ஒளி புகுவதாக இருக்கணும், சிலிக்கன் சில்லு உதவாது. ஃபியூஸ்டு சிலிக்கா, அதாவது படிகமாகாத சிலிக்காக் கண்ணாடி, வாங்குங்கள். 'குவார்ட்ஸ்' என்று மட்டும் ஆர்டரில் எழுதினால் படிக குவார்ட்ஸ் வந்து சேரலாம், அதுவே கைரல். சோடியம் மஞ்சள் ஒளியின் அதிர்வுத் தளத்தை மில்லிமீட்டருக்கு 21.7 டிகிரி சுழற்றிவிடும்.

ஒரே துண்டில் எதிரெதிர்ச் சாய்வில் இரண்டு மடிப்பு கிடைத்தால் யோகம். ஒன்று கூட்டலும் மற்றது கழித்தலுமாக வரணும். இரண்டிலும் ஒரே குறியோடு மிஞ்சுவதைக் கருவியின் கணக்கில் எழுதிக் கழித்துவிடுவேன்.